சூரியன் உதித்ததும் வந்த வியாபாரி

1815 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஹெக்டர் ஆர்கன் என்ற வியாபாரி, பீட்டர் லெய்ட்லா கம்பெனியின் பங்காளியான பிரான்சிஸ் ஜிரோவைத் தேடி வந்து நின்றார். முதல் நாள் பேசிப் படியாமல் விட்ட புகையிலைப் பேரத்தை முடித்துவிடலாம் என்றார். சரக்கு 111 பெரிய மரப்பீப்பாய்கள். எடை 1,20,715 பவுண்டு. பவுண்டுக்கு ஆறேகால் சென்ட் வீதம் 7,544 டாலர் 69 சென்ட்.

விலை பேசிக்கொண்டிருக்கும்போது ஜிரோ ஒன்று கேட்டார். புகையிலை விலையை ஏற்றிவிடும்படியாக ஏதாவது சேதி உண்டா?

ஜிரோ இப்படிக் கேட்டார் என்பது வழக்கின் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு ஆர்கன் சொன்ன பதில் அதில் இல்லை. பேரம் முடிந்தது என்று மட்டும் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஊரெல்லாம் துண்டறிக்கை பரவியது: இங்கிலாந்தோடு சமாதானம், போர் முடிந்தது! புகையிலை விலை 30 முதல் 50 சதவீதம் வரை எகிறியது.

விலை ஏறியதற்குக் காரணம் எளிது. 1812இல் தொடங்கிய போரில் பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கத் துறைமுகங்களை அடைத்து வைத்திருந்தது. மிசிசிப்பி ஆற்று வழியாக வந்து இறங்கிய புகையிலையும் பருத்தியும் வெளிநாடு போக வழியில்லாமல் கிடங்குகளில் தேங்கின. சமாதானம் என்றால் கப்பல் போகும். கப்பல் போனால் ஐரோப்பா வாங்கும். உடன்படிக்கை முந்தைய டிசம்பர் 24ஆம் தேதியே இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் சேதி அட்லாண்டிக்கைக் கடந்து வருவதற்குள், ஜனவரி 8ஆம் தேதி, இதே நியூ ஆர்லியன்ஸ் வாசலில் பெரும் சண்டை நடந்து ஆயிரக்கணக்கில் பிரிட்டிஷ் வீரர்கள் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள்.

சேதியை நகருக்குக் கொண்டுவந்தவர்கள் மூன்று பேர். லிவிங்ஸ்டன், ஒயிட், ஷெப்பர்ட் என்ற அந்த மூவரும் பிரிட்டிஷ் கப்பல் கூட்டத்திடம் போய்விட்டு 18ஆம் தேதி இரவு திரும்பியிருந்தார்கள். ஷெப்பர்டுக்கு ஒரு சகோதரர் உண்டு. துண்டறிக்கை வெளிவரும் முன்பே ஆர்கனின் காதில் சேதியைப் போட்டவர் அவர்தான். இந்தப் புகையிலைப் பேரத்தின் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்ததும் லெய்ட்லா தரப்பு சும்மா இருக்கவில்லை. ஒப்படைத்த சரக்கை மறுநாளே பலவந்தமாகத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆர்கன் நீதிமன்றத்துக்குப் போனார்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி டொமினிக் ஹால். அவருக்கும் இந்தச் சமாதானச் சேதிக்கும் வேறொரு தகராறு இருந்தது. புகையிலைச் சந்தை துண்டறிக்கையை அந்தக் காலையிலேயே நம்பிவிட்டது. நகரைக் காத்த தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனோ முறையான அறிவிப்பு வரட்டும் என்று ராணுவச் சட்டத்தை நீக்காமல் வைத்திருந்தார். கைதான ஒருவரை விடுவிக்க ஆணையிட்ட ஹாலையும் பிடித்து நகருக்கு வெளியே அனுப்பினார். மார்ச் 13ஆம் தேதி அதிகாரபூர்வச் சேதி வந்தது. ஹால் திரும்பி வந்து, ஜாக்சனுக்கு ஆயிரம் டாலர் அபராதம் போட்டார்.

புகையிலை வழக்கில் ஹாலின் நீதிமன்றம் ஆர்கன் பக்கம் தீர்ப்பு சொன்னது. லெய்ட்லா மேல்முறையீடு செய்ய, வழக்கு 1817இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஆர்கனுக்காக வாதாடியவர் பிரான்சிஸ் ஸ்காட் கீ. இதே போரில் பால்டிமோர் கோட்டையின் மீது குண்டு விழுவதை இரவெல்லாம் பார்த்திருந்து, பிறகு அமெரிக்காவின் தேசிய கீதமான பாடலை எழுதியவர்.

தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய தீர்ப்பு ஒரு பத்திக்கு மேல் இல்லை. சரக்குக்கு வெளியே நடக்கும் ஒன்று அதன் விலையை மாற்றும் என்று வாங்குபவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அதை விற்பவரிடம் சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை என்றார் மார்ஷல். இருவரும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வழியிருக்கும்போது, சொல்லித்தான் ஆக வேண்டும் என்று விதித்தால் அந்த விதியை எங்கே நிறுத்துவது என்பதே பெரும்பாடாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் எதிராளியை ஏய்க்கும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது. ஜிரோ கேட்டபோது ஆர்கன் நடந்துகொண்ட விதம் ஏய்ப்பு ஆகுமா என்பதை நடுவர் குழுதான் முடிவு செய்திருக்க வேண்டும் என்று சொல்லி, கீழ் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பினார்.

கொள்கையில் ஆர்கன் ஜெயித்தார், கையிலிருந்த தீர்ப்பை இழந்தார். அதைச் செய்தது ஜிரோவின் ஒரே ஒரு கேள்வி.

இந்த வழக்கின் வேர் புகையிலையைவிடப் பழையது. ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44இல் தன் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு தானிய வியாபாரி வருகிறார். ரோட்ஸ் தீவில் கடும் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து தானியத்தோடு ஒருவர் வந்து சேர்கிறார். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வருவதை வழியில் பார்த்திருக்கிறார். அதைச் சொன்னால் விலை விழும், சொல்லாவிட்டால் கொள்ளை லாபம். சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் ஆன்டிபேட்டர் என்ற தத்துவஞானி. அவருடைய ஆசிரியரான பாபிலோனின் டயோஜெனிஸ், சரக்கின் குறையைச் சட்டம் சொல்லச் சொன்னால் சொல்; மற்றபடி பொய் பேசாமல் நல்ல விலைக்கு விற்பதில் என்ன குற்றம் என்கிறார். ஒன்றைச் சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது அவர் வாதம். சிசரோ சீடர் பக்கம் சாய்ந்தார். மார்ஷல் ஆசிரியர் பக்கம் போனார்.

இந்த இரு கட்சிகளுக்கும் நடுவே, வாய் திறக்காமல் இருப்பதே குற்றம் என்று சட்டம் கறாராக நின்ற தொழில் ஒன்று உண்டு. அது காப்பீடு. அதன் தலையாய வழக்கு சென்னையைத் தொட்டுக்கொண்டு போகிறது.

1758 டிசம்பரில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை மதராஸை முற்றுகையிட்டபோது, டெஸ்டெய்ங் என்ற பிரெஞ்சுப் பிரபு ஆங்கிலேயரிடம் காயத்தோடு சிக்கினார். வாக்குறுதி வாங்கிக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள். அவர் போய்க் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றங்களை வரிசையாகத் தாக்கினார். 1760 ஏப்ரலில் சுமத்ராவின் பெங்கூலன் பகுதியிலிருந்த மார்ல்பரோ கோட்டை அவர் கையில் விழுந்தது. அந்தக் கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், கோட்டை எதிரியிடம் விழுந்தால் ஈடு கிடைக்கும்படி முன்னெச்சரிக்கையாக லண்டனில் காப்பீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மே 9ஆம் தேதி லண்டனில் பத்திரம் எழுதப்பட்டபோது, கோட்டை ஏற்கெனவே பறிபோயிருந்தது. அங்கே யாருக்கும் அது தெரியாது.

கோட்டை பலவீனமானது என்பதையும் பிரெஞ்சுக்காரர்கள் வரக்கூடும் என்பதையும் மறைத்துவிட்டார் என்று சொல்லிக் காப்பீடு எழுதிய போயம் பணம் தர மறுத்தார். 1766இல் நீதிபதி லார்டு மான்ஸ்ஃபீல்டு இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஆபத்தைப் பற்றிய தகவல் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவரிடமே இருக்கிறது. எழுதுபவர் அவர் வார்த்தையை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார். ஆகவே மறைத்தால் பத்திரம் செல்லாது. அதே சமயம், லண்டனில் உட்கார்ந்துகொண்டு போர் நிலவரத்தைத் தானே அறிந்திருக்கக்கூடிய ஒருவர், எனக்குச் சொல்லவில்லையே என்று பிறகு புலம்பக் கூடாது. கார்ட்டருக்குப் பணம் கிடைத்தது.

இந்தியாவுக்கு இந்த விதிகள் 1872இல் ஒப்பந்தச் சட்டமாக வந்து சேர்ந்தன. அதன் 17ஆவது பிரிவு மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. கூடவே உதாரணங்களும் உண்டு. ஏலத்தில் ஒருவர் தன் குதிரைக்கு நோய் இருப்பது தெரிந்தும் பேசாமல் விற்கிறார்; அது மோசடி ஆகாது. வாங்குபவர் அப்போதுதான் வயதுக்கு வந்த சொந்த மகள் என்றால், சொல்லியாக வேண்டும். “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவர் சொன்ன பிறகும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். நான்காவது உதாரணத்தில் இரண்டு வியாபாரிகள். விலை மாறப்போவது ஒருவருக்கு மட்டும் தெரியும். மற்றவரிடம் அவர் சொல்ல வேண்டியதில்லை. ஆர்கனும் ஜிரோவும் பெயர் இல்லாமல் இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டார்கள்.

ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் போனால் இந்த விதிகள் போதும். இருவருக்குமே தெரியாவிட்டால்? பத்தொன்பதாம் நூற்றாண்டு நீதிமன்றங்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட இடம் இதுதான்.

1862ஆம் ஆண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரால் லிவர்பூலுக்குப் பருத்தி வரத்து நின்று, குஜராத் பருத்திக்கு யோகம் அடித்திருந்தது. தோலேரா ரகப் பருத்தி 125 பேல், பம்பாயிலிருந்து ‘பியர்லெஸ்’ கப்பலில் வரும் என்று ஒப்பந்தம். பியர்லெஸ் என்ற பெயரில் இரண்டு கப்பல்கள் பம்பாயிலிருந்து புறப்பட்டன, ஒன்று அக்டோபரில், மற்றொன்று டிசம்பரில். வாங்கியவர் மனத்தில் அக்டோபர் கப்பல், விற்றவர் அனுப்பியது டிசம்பர் கப்பலில். பருத்தி விலை நாளுக்கு நாள் ஆடிக்கொண்டிருந்த காலம். டிசம்பர்ச் சரக்கு வந்தபோது வாங்க மாட்டேன் என்றார் வாங்கியவர். 1864இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

இதைவிடப் புகழ்பெற்றது ஒரு பசுவின் வழக்கு. பசுவின் பெயர் ‘ரோஸ் செகண்ட் ஆஃப் அபெர்லோன்’. சொந்தக்காரர், கனேடியன் கிளப் விஸ்கியால் செல்வந்தரான ஹைரம் வாக்கர். மிச்சிகனில் இருந்த அவருடைய பண்ணையில் நல்ல ஜாதி மாடுகள் நின்றன. ரோஸ் சினை பிடிக்கவில்லை, மலடு என்று நினைத்தார்கள். 1886 மே மாதம் தியோடர் ஷெர்வுட் என்ற வங்கிக்காரருக்கு உயிர் எடை பவுண்டுக்கு ஐந்தரை சென்ட் என்று பேசி விற்றார்கள். எடை போட்டால் 1,420 பவுண்டு. கழிவு போக 80 டாலர் கூட வராது. சொல்லுக்குச் சொல் அடிமாட்டு விலை. ஷெர்வுட் மாட்டை ஓட்டிப்போக வந்தபோது வாக்கர் தர மறுத்தார். இதற்குள் ரோஸ் சினையாக இருப்பது தெரிந்துவிட்டது. சினைப் பசு என்றால் அதன் மதிப்பு 750 முதல் 1,000 டாலர் வரை. அக்டோபரில் கன்றும் ஈன்றது.

1887இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் விற்பனையை ரத்து செய்யலாம் என்றது. மலட்டு மாடும் கன்று ஈனும் மாடும் ஒன்றல்ல, இருவரும் விற்க வாங்க நினைத்த பிராணியே வேறு என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். மாறுபட்ட நீதிபதி அதை ஏற்கவில்லை. அவர் பார்வையில் ஷெர்வுட், இந்த மாட்டைச் சினை பிடிக்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டே வாங்கினார். வாக்கர் தன் மாட்டைத் தானே மதிப்பிட்டு விற்றார். இதில் இருவருக்கும் பொதுவான தவறு எங்கே இருக்கிறது?

இதற்கு இரண்டு ஆண்டு முன் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் தலைகீழான தீர்ப்பு ஒன்று வந்திருந்தது. ஈகிள் என்ற ஊரில் 1876இல் கிணறு வெட்டும்போது மஞ்சள் நிறக் கல் ஒன்று கிடைத்தது. புஷ்பராகமாக இருக்கலாம் என்று நினைத்து, உட் என்ற பெண்மணி அதை பாயின்டன் என்ற நகைக்காரரிடம் ஒரு டாலருக்கு விற்றார். பிறகுதான் அது பட்டை தீட்டாத வைரம், சுமார் 700 டாலர் பெறும் என்று தெரிந்தது. என்ன கல் என்று தெரியாமலேதான் இருவரும் பேரம் பேசினார்கள், ஆகவே விற்றது விற்றதுதான் என்றது நீதிமன்றம். பதினைந்து காரட் எடைக்கு மேற்பட்ட அந்த ‘ஈகிள் வைரம்’ பிறகு நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. 1964 அக்டோபரில் திருடர்கள் புகுந்து, இலங்கையில் எடுத்த ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ நீலக்கல்லோடு அதையும் கொண்டுபோனார்கள். நீலக்கல் மீண்டு வந்தது. ஈகிள் வைரம் இன்றுவரை அகப்படவில்லை.

புகையிலை, பருத்தி, பசு, கல் என்று ஆளுக்கொரு திசையில் இழுத்த இந்தத் தீர்ப்புகளை ஒரே கயிற்றில் கட்ட முடியுமா என்று ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்துக் கேட்டவர்கள் பொருளாதாரம் படித்தவர்கள். நியாயம் யார் பக்கம் என்பதை அவர்கள் முதலில் கேட்கவில்லை. இந்தத் தகவலைத் தேட என்ன செலவானது, யாருக்குக் குறைந்த செலவில் கிடைத்திருக்கும் என்று கேட்டார்கள்.

ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் பழைய கார்களை எடுத்துக்கொண்டார். வண்டியின் கோளாறு விற்பவருக்கு மட்டும் தெரியும் என்றால், வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகித்தே விலை சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க வர மாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும். அந்தக் கட்டுரையிலேயே இந்தியக் கிராமத்துக் கடன் சந்தையையும் அவர் பேசுகிறார். மூன்று ஆய்விதழ்கள் நிராகரித்த அந்தக் கட்டுரை 2001இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. காப்பீட்டில் மான்ஸ்ஃபீல்டு ஏன் கறாராக இருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. சரக்கின் குறையை விற்பவர் சொல்லாவிட்டால், கெடுவது ஒரு பேரம் அல்ல, சந்தையே.

ஆனால் வாங்குபவருக்குத் தெரிந்த நல்ல சேதி? 1978இல் அந்தோணி குரோன்மன் என்ற சட்டப் பேராசிரியர் ஒரு கோடு கிழித்தார். உழைத்துப் பணம் போட்டுத் தேடிய தகவலை ஓசியில் கொடுக்கச் சொன்னால், நாளை யாரும் தேட மாட்டார்கள். ஆகவே அது தெரிந்தவரின் சொத்துபோல. தற்செயலாகக் காதில் விழுந்த தகவலுக்கு அந்தச் சலுகை தேவையில்லை.

இந்தக் கோட்டுக்குப் பொருத்தமான நிஜக் கதை கனடாவில் நடந்தது. டெக்சஸ் கல்ஃப் சல்ஃபர் என்ற கம்பெனி ஆண்டுக்கணக்கில் விமானத்தில் பறந்து நிலத்தை அளந்தது. 1963 நவம்பரில் டிம்மின்ஸ் நகருக்கு அருகே துளைபோட்டுப் பார்த்தபோது செம்பும் துத்தநாகமுமாகப் பெரும் தாது இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. கம்பெனி மூச்சுக் காட்டாமல் சுற்றியுள்ள நிலங்களை வாங்கிச் சேர்த்தது. 1964 ஏப்ரலில்தான் உலகத்துக்குச் சொன்னது. நிலத்துக்காரர்களிடம் முன்பே சொல்லியாக வேண்டும் என்றால், அந்த விமானம் பறந்தே இருக்காது என்பார்கள் குரோன்மன் கட்சியினர். நம் 1872ஆம் ஆண்டுச் சட்டம் இதிலும் நுணுக்கமாக ஒரு கோடு போட்டிருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் தாது இருப்பதைக் கண்டுபிடித்து, அது அவர் கண்ணில் படாதபடி வேலை செய்து மறைத்துவிட்டு, குறைந்த விலைக்கு வாங்கினால் அந்த ஒப்பந்தத்தை நிலத்துக்காரர் ரத்து செய்யலாம். பேசாமல் இருப்பது ஒன்று, மண்ணைப் போட்டு மூடுவது வேறு.

அதே கம்பெனியின் அதிகாரிகள் சிலர் அறிவிப்புக்கு முன் கம்பெனிப் பங்குகளையும் வாங்கிக் குவித்தார்கள். அதை 1968இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. தகவலுக்குச் செலவழித்தது கம்பெனி. அதிகாரிகள் பிடித்தது அடுத்தவர் தேடலின் பலனை. இந்தியாவில் பங்குச் சந்தையில் இந்த உள்வியாபாரத்தைத் தடுக்க, சந்தையின் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 1992இல் விதி கொண்டுவந்தது. 2015இல் அதைப் புதுப்பித்தது.

இந்தக் கணக்கில் ஆர்கன் எங்கே நிற்கிறார்? சமாதானச் சேதியைத் தேட அவர் ஒரு சென்ட் செலவழித்ததாகப் பதிவு இல்லை. லாபத்தில் பங்கு உள்ள ஷெப்பர்டின் சகோதரர் சொன்னார், ஆர்கன் கேட்டார். ஜாக் ஹிர்ஷ்லைஃபர் என்ற பொருளாதார அறிஞர் 1971இல் சொன்ன வேறுபாடு இங்கே நன்றாகப் பொருந்துகிறது. இருப்பதைக் கண்டுபிடிப்பது ஒன்று, எப்படியும் வெளிவரப்போவதைக் கொஞ்சம் முந்தி அறிவது வேறு. முன்னதால் உலகத்துக்கு லாபம். பின்னதால் ஒருவர் பையிலிருந்து மற்றவர் பைக்குப் பணம் போகும், அவ்வளவுதான். எட்டு மணிக்கு ஊருக்கே தெரியப்போகும் சேதியைச் சூரிய உதயத்தில் அறிந்ததால், உலகத்தில் ஓர் இலைகூடக் கூடுதலாக விளையவில்லை. சேதிகளைச் சேகரிப்பதே தொழிலாகக் கொண்ட வியாபாரிகளையும் சேர்த்து யோசித்த மார்ஷலின் பொது விதி சரிதான். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேரம் மட்டும் அதற்கு நல்ல உதாரணம் அல்ல.

பசு வழக்கில் இதே அளவுகோல் வாக்கருக்குப் பாதகமாகத் திரும்பும். தன் தொழுவத்தில் நிற்கும் மாடு சினையா இல்லையா என்று பார்ப்பது, ஆண்டுக்கணக்கில் ஜாதி மாடு வளர்த்த பண்ணைக்காரருக்குத்தான் எளிது. அவர் பார்க்காமல் விற்றார் என்றால் நஷ்டமும் அவருடையது. அந்த வகையில் மாறுபட்ட நீதிபதி சொன்னதே பொருளாதாரக் கணக்குக்கு நெருக்கமானது.

1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தக் குதிரைகளும் இரண்டு வியாபாரிகளும் இன்றும் நடைமுறையில் இருக்கிறார்கள். காப்பீட்டில் மட்டும் நாடாளுமன்றம் தராசை மாற்றியது. ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் எழுதி மூன்று ஆண்டு கடந்துவிட்டால், மறைத்தார் என்று சொல்லி நிறுவனம் கையை விரிக்க முடியாது என்று 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. நிலமோ வீடோ பழைய வண்டியோ வாங்கப் போகிறவர்களுக்கு, 17ஆவது பிரிவின் மூன்றாவது உதாரணம் கைகொடுக்கும். வில்லங்கம் இல்லை, கோளாறு இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன், தவறென்றால் சொல்லுங்கள் என்று முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு குறை தெரிந்தும் எதிராளி பேசாமல் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் பதில் சொல்லிவிட்டவர்தான்.